கூடிச் செல்லும் கலை



பள்ளியிலும் கல்லூரியிலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழும். எழுந்தவுடன் எல்லோர் முகமும் மலரும். அடுத்த கணமே, "எங்கே போவது?" என்ற கேள்வி பிறக்கும். ஒருவர் ஏற்காடு என்பார். ஒருவர் மேட்டூர் என்பார். கொல்லிமலைக்கு ஈடாக வேறொன்று உண்டோ என்று மூன்றாமவர் வாதிடுவார். அரை மணி நேரம் வாதித்த பிறகு, எவர் மனமும் நோகலாகாது என்று கருதி, எல்லா ஊர்களையும் ஒரே நாளில் சேர்த்து வண்டியைப் பேசி முடிப்பார்கள். அந்த நாளும் வரும், போவார்கள், வருவார்கள். மறுநாள் வகுப்பில் பார்த்தால், முன்பு யார் யாரோடு அமர்ந்திருந்தார்களோ அவரவரோடுதான் அமர்ந்திருப்பார்கள். நாற்பது பேர் சென்றார்கள். நாற்பது பேர் திரும்பினார்கள். ஆனால் அந்த நாற்பது பேரும் ஒரு குழுவாகவில்லை.

இக்காலத்தில் அலுவலகங்களும் ஆலைகளும்கூடத் தம் ஊழியரிடையே ஒற்றுமை வளர வேண்டும் என்று பொருள் செலவிட்டு இத்தகைய சுற்றுலாக்களை நடத்துகின்றன. அங்கும் பெரும்பாலும் இதே கதைதான். குறை ஊர்களில் இல்லை. "எங்கே போவது?" என்று கேட்பதற்கு முன், "எதற்காகப் போகிறோம்? போகும் வேலையை யார் செய்வது?" என்று கேட்காமல் விட்டதில்தான் குறை இருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, கூடிச் செல்லும் பயணத்தை எப்படி வகுக்கலாம் என்று இன்று சிறிது சிந்திப்போம்.

பலரை ஒன்றாக அழைத்துச் சென்று ஊர் காட்டும் வழக்கத்தின் வரலாற்றில் 1841ஆம் ஆண்டு முக்கியமானது. அந்த ஆண்டு ஜூலைத் திங்களில், இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லப்பரோ என்னும் ஊருக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தனி இரயிலில் அழைத்துச் சென்றார். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக அமைந்த பயணம் அது. பின்னர் அதுவே பெரியதொரு தொழிலாக வளர்ந்தது. பணம் செலுத்திவிட்டால் போதும். வண்டி, உணவு, தங்குமிடம், காட்சி ஆகிய அனைத்தையும் மற்றொருவர் ஏற்பாடு செய்துவிடுவார். முதியவர்க்கும் ஓய்வு தேடுவோர்க்கும் இது பெருவசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒற்றுமையை நாடிச் செல்லும் மாணவர்க்கு இந்த வசதியே தடையாகிவிடுகிறது. வேலை ஒன்றும் இல்லாத இடத்தில் ஒருவர்க்கு மற்றொருவர் தேவைப்படுவதில்லை. தேவைப்படாதவரோடு பழக்கம் எப்படி முதிரும்?

இதற்குச் சான்றாக ஓர் ஆய்வைச் சொல்லலாம். துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய முசாபர் ஷெரீப் என்னும் உளநூல் அறிஞர், 1954ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்தின் வனப்பூங்கா ஒன்றில் கோடை முகாம் நடத்தினார். பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே தங்கவைத்தார். சில நாட்களுக்குப் பின் இரு குழுக்களுக்கும் இடையே பரிசுப் போட்டிகள் நடந்தன. பகை மூண்டது, ஒருவர் கொடியை ஒருவர் எரித்தனர், ஒருவர் குடிலில் ஒருவர் புகுந்து பொருள்களைக் கலைத்தனர். பின்னர் அறிஞர் இருவரையும் ஒன்றுசேர்க்க முயன்றார். ஒரே கூடத்தில் உண்ணச் செய்தார். ஒன்றாகத் திரைப்படம் பார்க்கச் செய்தார். பகை தணியவில்லை. உணவுக்கூடத்தில் ஒருவர்மேல் ஒருவர் உணவை வீசிக்கொண்டதுதான் மிச்சம்.

அதன் பிறகு வேறொரு வழியைக் கையாண்டார். முகாமிற்குத் தண்ணீர் வருவது நின்றது. இரு குழுவினரும் சேர்ந்து தேடித்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. எல்லோரும் விரும்பிய திரைப்படத்தை வரவழைக்க ஒரு குழுவின் பணம் போதவில்லை. இரு குழுக்களும் சேர்ந்து பணம் போட்டன. உணவு கொண்டுவர வேண்டிய வண்டி கிளம்ப மறுத்தது. எல்லோரும் ஒரே கயிற்றைப் பற்றி இழுத்தனர். இப்படிச் சில நாட்கள் சென்றன. முகாம் முடிந்து ஊர் திரும்பும் வேளையில், ஒரு குழுவினர் தாம் போட்டியில் வென்ற ஐந்து டாலரைச் செலவிட்டு எல்லோர்க்கும் பால்பானம் வாங்கிக் கொடுத்தனர்! பகையை மூட்டிவிட்டவர்கள் ஆய்வாளர்கள்தாமே என்று பிற்காலத்தார் இந்த ஆய்வைக் குறை கூறியதும் உண்டு. எனினும் அதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் தெளிவானது. ஒன்றாக இன்பம் நுகர்வதால் மட்டும் மனிதர் ஒன்றுபடுவதில்லை. ஒருவரால் தனியே முடியாத வேலையைப் பலர் சேர்ந்து முடிக்கும்போதுதான் ஒன்றுபடுகிறார்கள்.

சுற்றுலாவில் அத்தகைய வேலைக்குப் பஞ்சமா? உணவு, நேரம், கணக்கு, வழி, அனுமதி, முதலுதவி என்று வேலைகள் நிரம்ப உள்ளன. ஆசிரியர் இருவரும் மாணவர் தலைவர் ஒருவரும் அவற்றையெல்லாம் தம் தோளில் சுமந்துகொண்டு ஏனையோரை வெறும் பயணிகளாக்கிவிடுவதுதான் நம் வழக்கம். அதை முதலில் மாற்ற வேண்டும்.

வேலையைப் பகிர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. ஆனால் ஊர் கூடி இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர் சிலர் இருப்பதையும் நாம் அறிவோம். பிரெஞ்சு நாட்டு வேளாண் பொறியியலாளர் மேக்ஸ் ரிங்கல்மன் இதையே அளந்து பார்த்தார். கயிறு இழுப்போர் தொகை கூடக் கூட, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் ஒவ்வொருவர் இழுக்கும் விசையும் குறைந்துகொண்டே போவதை 1913இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். "நான் இழுக்காவிட்டால் என்ன, மற்றவர் இழுப்பார்" என்ற எண்ணம் கூட்டத்தில் எளிதாக நுழைந்துவிடுகிறது. ஆகவே நாற்பது பேரையும் ஒரே கூட்டமாக வைத்துக்கொண்டு, "எல்லோரும் ஒத்துழையுங்கள்" என்று முழங்குவதால் பயனில்லை. 1907இல் பேடன் பவல் சாரணர் இயக்கத்திற்கு வித்திட்ட முகாமை இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்தியபோது, இருபது சிறுவரையே நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனையே தலைவனாக்கினார். நாமும் ஏழெட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரிந்துகொள்வோம். ஏழு பேர் உள்ள அணியில் ஒருவர் வேலை செய்யாவிட்டால் மற்ற அறுவருக்கும் உடனே தெரிந்துவிடும்.

அணிகளை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் பயணத்தின் உயிர்நிலை இருக்கிறது. நம் வகுப்பறைகளில் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் சில உண்டு. நகரத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், சிற்றூர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம். தமிழில் பயின்றவர் ஒரு வரிசை, ஆங்கிலத்தில் பயின்றவர் ஒரு வரிசை. பணவசதி ஒரு சுவர். நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சாதியும் ஒரு சுவர். "யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால், இந்தச் சுவர்கள் அப்படியே வண்டியில் ஏறிக்கொண்டு நம்மோடு வந்து, நம்மோடே திரும்பிவிடும். ஆகவே சீட்டுக் குலுக்கியோ, ஆசிரியர் தேர்ந்தோ, பழகாதவர்கள் ஓர் அணியில் அமையுமாறு பிரிக்க வேண்டும். ஓர் அணியினர் ஒன்றாக அமர்ந்து ஒரே உணவை உண்ண வேண்டும். சோற்றைப் பரிமாறுபவரும் இலையை எடுப்பவரும் முறை மாறி வர வேண்டும். அந்த வேலை எப்போதும் ஒருவர் மீதே விழுதல் கூடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வண்டி வாடகை முப்பது பேர் சென்றாலும் நாற்பது பேர் சென்றாலும் ஒன்றே. ஆகவே வருவோர் தொகை குறைந்தால் தலைக்கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் இன்னும் சிலர் நின்றுவிடுவர். வகுப்பில் மிகக் குறைந்த வசதியுடையவர் எவ்வளவு தர இயலும் என்று முதலில் எண்ணி, அந்த அளவிற்குள் பயணத்தை அடக்குவதே முறை. தொலைவைக் குறைக்கலாம், கட்டுச்சோறு கொண்டு செல்லலாம். அப்படியும் இயலாதவர்க்குப் பொது நிதியிலிருந்து ஆசிரியர் ஒருவர் மட்டும் அறிய உதவ வேண்டும். பெயர் சொல்லி உதவினால், உதவி பெற்றவர் பயணம் முழுவதும் தலைகுனிந்தே வருவார். அவர் கண்ணுக்கு எந்த மலை உயர்ந்து தோன்றும்?

அடுத்து, நேரக் கணக்கு. காலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு 8 மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 மணி நேரம். சேலத்திலிருந்து ஏற்காடு, மேட்டூர், நாமக்கல் மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் சாலையில் மட்டும் ஏறத்தாழ 260 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதிலும் ஏற்காட்டுச் சாலையில் கொண்டையூசி வளைவுகள் இருபது. அங்கே வண்டி விரைய முடியாது. ஆக வண்டிக்குள் கழிவது ஏறத்தாழ 8 மணி நேரம். உணவிற்கு இரண்டு மணி. நாற்பது பேர் ஏறவும் இறங்கவும் தலை எண்ணிச் சரிபார்க்கவும் ஒவ்வொரு முறையும் கால் மணி. அந்த வகையில் இரண்டு மணி. எஞ்சுவது இரண்டே மணி நேரம். அதாவது ஊருக்கு நாற்பது நிமிடம்! மலையேறி ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருவதற்குச் சுற்றுலா எதற்கு? ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று இடங்கள் போதும். அவையும் ஒரே திசையில் அமைய வேண்டும்.

இந்தக் கணக்கின்படி இரு நாள் பயணம் ஒன்றை வகுத்துப் பார்ப்போம். ஒரு நாள் மட்டும் வாய்த்தவர் இரண்டில் ஒன்றைக் கொள்ளலாம்.

முதல் நாள், சேலம் நகரமும் அதன் வடமேற்கும். விடியற்காலையில் நகரத்தை நடந்தே காண வேண்டும். நகரம் என்பது சிலைகளும் கட்டடங்களும் மட்டும் அன்று. நகர மாந்தர் செய்யும் தொழிலே நகரம். சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகள் உண்டு. பட்டும் வேட்டியும் நெய்யும் தறிகள் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வணிகம் நடக்கும் கடைத்தெருக்கள் உண்டு. ஓர் அணி கொலுசுப் பட்டறைக்குச் செல்லட்டும். வெள்ளியை உருக்குவது முதல் மெருகிடுவது வரை ஒரு கொலுசு எத்தனை கைகள் மாறுகிறது என்று எண்ணி வரட்டும். மற்றோர் அணி தறிக்கூடத்திற்குச் செல்லட்டும். மூன்றாம் அணி திருமணிமுத்தாற்றின் கரையோரம் நடக்கட்டும். சேர்வராயன் மலைப் பகுதியில் தோன்றி, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் சமவெளியில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. நகரத்தின் கழிவைச் சுமந்து அது படும் பாட்டையும் மாணவர் கண்ணால் காண வேண்டும். அழகானவற்றை மட்டும் பார்த்துத் திரும்புவது விருந்தினர் வழக்கம். ஊருக்கு உரியவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இன்னோர் அணி ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவுக்குச் செல்லட்டும். டி. ஆர். சுந்தரம் தோற்றுவித்த அந்தப் படப்பிடிப்பு நிலையத்தில்தான் மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய பாலன் 1938இல் உருவாயிற்று. தமிழின் முதல் முழு வண்ணப்படமாகிய அலிபாபாவும் 40 திருடர்களும் 1956இல் வெளிவந்ததும் அங்கிருந்தே. இன்று எஞ்சியிருப்பது வளைவு மட்டுமே.

அணிகள் இப்படிப் பிரிந்து சென்று, காலை உணவின்போது ஒன்றுகூடித் தாம் கண்டதை மற்றவர்க்குச் சொல்ல வேண்டும். ஒருவர் கண்டது மற்றவர்க்குத் தெரியாது. ஆகவே பேச்சுக்கு உயிர் இருக்கும். எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் சொல்வதற்கும் கேட்பதற்கும் என்ன இருக்கிறது?

பிறகு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாரமங்கலம். உச்சிக்கால நடைசாத்தலுக்கு முன் சென்றுவிட வேண்டும். கெட்டி முதலியார் என்னும் குறுநிலத் தலைவர்களின் திருப்பணியால் சிறந்து விளங்கும் கைலாசநாதர் கோயில் அங்கே உள்ளது. கல்லில் குடைந்த யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டை வெளியே வாராதிருப்பதைக் கண்டு எவரும் வியப்பர். ஆயினும் நம் பேச்சுக்கு மிகப் பொருத்தமானது வேறொரு சிற்பம். ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் பொருகின்றனர்; எதிர்ப்புறத்தே வேறொரு தூணில் இராமன் வில்லேந்தி நிற்கிறான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து நோக்கினால் வாலி தெரிகிறான். வாலி நிற்கும் இடத்திலிருந்து நோக்கினால் இராமன் தெரிவதில்லை. மறைந்து நின்று எய்த கதையைச் சிற்பி கல்லில் அமைத்த திறம் அது! இதை இருவர் சேர்ந்து பாருங்கள். ஒருவர் இராமன் பக்கம் நில்லுங்கள். ஒருவர் வாலி பக்கம் நில்லுங்கள். தாம் காண்பது என்ன என்பதை ஒருவர்க்கொருவர் உரக்கச் சொல்லுங்கள். பின்பு இடம் மாறி நில்லுங்கள். நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியாத ஒன்று நீ நிற்கும் இடத்திலிருந்து தெரியலாம் என்னும் உண்மையை நூறு சொற்பொழிவுகளைவிட இந்த இரண்டு தூண்களும் நன்றாகக் கற்பிக்கும். வகுப்பில் நம்மோடு பேசாதவர் நின்று பார்க்கும் இடமும் அத்தகையதே அல்லவா?

அந்தப் பாடத்தை நெஞ்சில் கொண்டு பிற்பகலில் மேட்டூர் செல்லலாம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை அது. அந்நாளைய சென்னை ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியது. நீர்மட்டத்தின் உச்சவரம்பு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் டெல்டாப் பாசனத்திற்கு நீர் திறப்பது மரபு. நீர் போதாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போவதும் உண்டு. அணைமேல் நின்று வியப்பதோடு நில்லாமல், அணிகளுக்கு இரு கேள்விகளைப் பகிர்ந்து கொடுங்கள். "இந்த நீரால் வாழ்ந்தவர் யார்?" என்பது ஒரு கேள்வி, அதற்கு விடை தஞ்சை வரை பரந்து கிடக்கிறது. "இந்த நீருக்காக இடம் பெயர்ந்தவர் யார்?" என்பது மற்றொரு கேள்வி. நீர்மட்டம் தாழும் காலங்களில் பண்ணவாடியை ஒட்டிய நீர்ப்பரப்பில் பழைய நந்தி சிலையும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரிவதுண்டு. முன்பு அங்கே ஊர்கள் இருந்தன என்பதற்கு அவை சாட்சி. இரு அணியினரும் அன்றிரவு தம் விடையைச் சபையில் வைக்கட்டும். இரண்டும் உண்மையாக இருக்கக் காண்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே செல்ல இயலாது. காவிரியில் இறங்கி நீராடுவது மேட்டூரிலும் பிற இடங்களிலும் பல இளம் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. மேலே அமைதியாகத் தோன்றும் நீரின் அடியில் சுழலும் பள்ளமும் இருக்கும். நீரில் இறங்குவதில்லை என்ற விதியைப் புறப்படுவதற்கு முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டு வர வேண்டும். கரையில் நின்று வாக்கெடுப்பு நடத்தும் பொருள் அன்று அது.

இரண்டாம் நாள், சங்ககிரியும் நாமக்கல்லும். சேலத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் சங்ககிரி. வெயில் ஏறுமுன் மலைக்கோட்டையில் ஏறத் தொடங்க வேண்டும். கொங்கு நாட்டு வீரர் தீரன் சின்னமலை ஆங்கிலேயரால் 1805ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்டது இந்தக் கோட்டையில்தான். கோட்டைக்கு வாயில்கள் பல. ஒன்றைக் கடந்து ஒன்றாக ஏற வேண்டும். இங்கே ஒரு விதி செய்துகொள்ளுங்கள். முன்னே ஏறியவர், கடைசியாக வருபவர் வந்து சேரும் வரை ஒவ்வொரு வாயிலிலும் காத்திருக்க வேண்டும். மெல்ல நடப்பவர் எவரோ அவரே அன்றைய நடையின் வேகத்தை முடிவு செய்பவர். வந்து சேர்ந்தவுடன் முன்னவர் கிளம்பிவிடாமல், பின்னவரும் மூச்சு வாங்கிக்கொள்ள இரண்டு நிமிடம் தர வேண்டும். காத்திருந்தவர் ஓய்வு பெற, இளைத்து வந்தவர் ஓய்வின்றி நடப்பதுதானே நாம் வழக்கமாகக் காண்பது! உச்சியை முதலில் தொட்டவர்க்குப் பரிசு என்று அறிவித்தால் கூட்டம் சிதறும். கடைசி ஆள் வந்த பிறகே உச்சியை அடைந்ததாகக் கணக்கு என்று அறிவித்தால் கைகள் தாமே நீளும். ஏற இயலாத உடல்நிலை உடையவர் இருப்பின், அடிவாரத்தில் அவர்க்கும் பொறுப்பான வேலை இருக்க வேண்டும். துணைக்கு ஓர் அணித்தோழரும் இருக்க வேண்டும்.

அங்கிருந்து திருச்செங்கோடு அண்மையில் உள்ளது. அதனை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் அவர். வழக்கறிஞர் தொழிலில் புகழ் பெற்றவர், நகர வாழ்வை விட்டு இந்தச் சிற்றூரில் தங்கிக் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய பணிகளில் ஈடுபட்டார். சுவர்களைத் தகர்ப்பதற்கு ஒன்றாக நூற்பதும் ஒன்றாக உழைப்பதும் ஒன்றாக உண்பதும் வழி என்று நம்பிய காலம் அது. நண்பகல் உணவின்போது அணிகள் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேண்டுமா?

மாலையில் நாமக்கல். பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1997ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இயங்குவது. ஊர் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கிறது நாமகிரி. பாறையின் ஒரு பக்கம் நரசிங்கர் குடைவரை, மறுபக்கம் அரங்கநாதர் குடைவரை. இரண்டும் எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் காலத்தில் குடையப்பட்டவை. உச்சியில் கோட்டை. நரசிங்கரை நோக்கிக் கைகூப்பியவாறு, கூரையின்றி வானத்தின் கீழ் 18 அடி உயர ஆஞ்சநேயர் நிற்கிறார். கணித மேதை இராமானுசன் குடும்பத்தார் வழிபட்ட தெய்வம் இத்தலத்து நாமகிரித் தாயார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்த மோகனூரும் அருகிலேயே காவிரிக்கரையில் உள்ளது. பாறையைக் கண்ட பிறகு, லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றையும் முன்கூட்டியே அனுமதி பெற்றுக் காணுங்கள். வெறும் சட்டமாக வந்து நிற்கும் வண்டி, தச்சர், கொல்லர், பற்றவைப்பவர், வண்ணம் தீட்டுபவர் எனப் பலர் கைப்பட்டு முழு லாரியாக வெளியேறுகிறது. ஒருவர் வேலை முடியாமல் அடுத்தவர் வேலை தொடங்காது. குழுவாக உழைப்பது என்றால் என்ன என்பதற்கு விளக்கம் வேண்டுவோர் அங்கே சிறிது நேரம் நின்றால் போதும்.

வழியிலே மரவள்ளி வயல்களும் ஜவ்வரிசி ஆலைகளும் தென்படும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் வேரூன்றிய தொழில் இது. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலெடுத்து, மாவைப் படியவைத்து, குலுக்கி மணியாக்கி, வறுத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் மணிக்குப் பின்னே இத்தனை உழைப்பு இருக்கிறது.

இனி, வேலைப் பகிர்வு. ஐந்து அணிகள் இருந்தால், ஒன்று உணவும் குடிநீரும் கவனிக்கட்டும். ஒன்று நேரமும் தலை எண்ணிக்கையும். ஒன்று பணமும் கணக்கும். ஒன்று முதலுதவியும் தூய்மையும். ஒன்று அனுமதிக் கடிதங்களும் இட விளக்கமும். மறுநாள் பொறுப்புகள் மாறட்டும். நேற்று உணவு தாமதமானதற்கு முணுமுணுத்தவரே இன்று உணவுக்குப் பொறுப்பானால், நாற்பது பேருக்குச் சாப்பாடு போடுவதன் அருமை விளங்கும். ஆலைக்கும் பட்டறைக்கும் அணைப்பூங்காவிற்கும் முன்னதாகவே எழுதி அனுமதி பெறுதல், பெற்றோரின் எழுத்து இசைவு, கழிவறை வசதி உள்ள நிறுத்தங்களை முன்பே அறிந்து வைத்தல், குறிப்பாக மாணவியர் இருப்பின் அதில் கவனம், மலைப்பாதையில் தலைசுற்றல் வருவோரை முன்னிருக்கையில் அமர்த்துதல் — இவை சிறு செய்திகள்போலத் தோன்றும். ஆனால் ஒரு பயணத்தின் இனிமை இத்தகைய சிறு செய்திகளையே பற்றி நிற்கிறது. பொறுப்பு மாணவருடையது, மேற்பார்வை ஆசிரியருடையது. பாதுகாப்பைப் பற்றியவற்றில் ஆசிரியர் சொல்லே முடிவு.

ஊர் திரும்பிய பிறகும் மூன்று வேலைகள் உண்டு. கணக்கை எல்லோர் முன்னும் படித்துக் காட்டி, மிஞ்சிய காசை என்ன செய்வதென்று எல்லோரும் கூடி முடிவு செய்வது முதலாவது. பட்டறையையும் தறியையும் காட்டியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது இரண்டாவது. தம் வேலை நேரத்தை நமக்காகச் செலவிட்டவர்கள் அவர்கள். ஒவ்வோர் அணியும் தான் கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதி வகுப்பில் வைப்பது மூன்றாவது. அடுத்த ஆண்டு செல்பவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

பயணம் வெற்றியா என்பதைச் செல்பேசியில் சேர்ந்துள்ள படங்களின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். அதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அடுத்த திங்கட்கிழமை நண்பகலில் சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். முன்பு தனித்தனியே அமர்ந்தவர்களுள் இருவராவது ஒரே மேசையில் அமர்ந்து, தம் வீட்டுக் கறியைப் பகிர்ந்துகொள்கிறார்களா? மேட்டூர் அணையைப் பற்றியோ, தாரமங்கலத்து வாலியைப் பற்றியோ இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்களா? அப்படியானால் நீங்கள் கொடுத்த வண்டி வாடகை வீண்போகவில்லை.